ஆறு அயிரைகள்

கைக்குட்டையில் சுற்றியதைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் பூனை நடை நடந்து வாசலுக்கு வந்தார். மனைவி கண்ணில் பட்டால் தொலைந்தது.

"என்னங்க, இந்த மழையிலயா கிளம்பறீங்க?" உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னு போச்சாம். மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

பொய். பைக்குள் இருந்தது, கட்டைவிரல் நீளத்தில் ஒரு செத்த மீன்.

மகன் ஆசை ஆசையாக வளர்த்த மலையோடை அயிரைகள். கூடத்துத் தொட்டியில் மோட்டார் சீறித் தள்ளும் தண்ணீரில், துடுப்புகளை விசிறிபோல் விரித்துக் கல்லிலும் கண்ணாடியிலும் அப்பிக்கொண்டு கிடக்கும். 'ஸ்டிக்கர்' என்பான் அவன். பைக் விபத்தில் அவன் போய்ப் பதினோரு மாதம். விட்டுப்போனது ஆறு மீன்கள்.

அன்றோடு மனைவி வீட்டுப் படி இறங்குவதை நிறுத்திவிட்டாள். வெயிலில் வைத்துப் பாசி பிடித்த கல்லை அவர் தொட்டியில் இறக்குவார். அயிரைகள் ஊர்ந்து வந்து மேய்வதை, அவள் நாற்காலி போட்டுப் பார்ப்பாள். "ஆறும் சாப்பிடுதுங்க" என்று அவள் வாயால் வந்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஒன்று குறைந்தால் தாங்க மாட்டாள். அதனால் ஏற்கெனவே இரண்டு முறை சத்தமில்லாமல் மாற்றியிருந்தார். இது மூன்றாவது. மீதி இருக்கும் மூன்று மீன்களாவது பிள்ளையின் கைபட்டவை என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

நாலு கடை ஏறி இறங்கி, ஒருவழியாக ஒன்று கிடைத்தது. வீடு திரும்பியபோது வாசலில் அவள் செருப்பு ஈரமாக இருந்தது. மாடிக்குத் துணி எடுக்கப் போயிருப்பாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவசரமாகக் கடையில் கொடுத்த மீன் பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பாசிக் கல்லை இறக்கினார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். இடுக்குகளில் பதுங்கியிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணியவள், பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"ஏழு இருக்குங்க."

அவரும் குனிந்து எண்ணிப் பார்த்தார். ஏழுதான்.

"நீங்களும் வாங்கிட்டு வந்தீங்களா?"

"நீங்களும்னா... நீயும் போனியா? கடைக்கா?"

"நீங்க போனப்புறம் பார்த்தேன், அஞ்சுதான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு, மழையோட ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். நீங்க வேலைக்குப் போற நேரமாப் பார்த்து, எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? எத்தனை மாத்தியிருக்க?"

"இதோட நாலு. நீங்க?"

"மூணு."

அவள் கண்ணாடியிலிருந்து மெல்ல விரலை எடுத்தாள்.

"அப்போ... இதுல நம்ம புள்ளை வாங்கினது ஒண்ணுகூட இல்லீங்களா?"