கலைத்தாய்ப் பட்டம்

சால்வையைத் தொட்டதுமே சம்பூர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது, சரிகை கலப்படம் என்று.

காஞ்சிபுரத்தில் நாலு பட்டுக் கடை வைத்திருந்த கைலாசம்தான் விழாக் கமிட்டித் தலைவர். அசல் சரிகை என்று அவர்தான் மைக்கில் அறிவித்தார். தன் கையால் போர்த்தாமல், மனைவியைப் போர்த்தச் சொன்னார்.

நாடகத்தில் பதினெட்டு வருஷம், சினிமாவில் இருபது வருஷம். எத்தனையோ மட்டமான நடிகர்களோடு அவள் மேடையேறியிருக்கிறாள். இவ்வளவு மிகையாக நடித்தவர் ஒருவரும் இல்லை.

இந்த ஊர் பெற்ற மகள் என்றார். எந்தத் தெரு என்று சொல்லவில்லை.

கலைக்காகவே வாழ்ந்தவர் என்றார். பதினாறு வயதில் நாடகக் கம்பெனியோடு போன பெண்ணை இதே ஊர் என்ன பேசியது என்று சொல்லவில்லை.

பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளிசரின் இல்லாமலே வருகிறதே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து வருஷமாக அவளுக்கு அம்மா வேஷம்தான். மகனைப் பறிகொடுத்துக் கதற அவளை விட்டால் ஆளில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குத்தான் இந்தப் பட்டம். இதை வாங்க அவள் பட்டணத்திலிருந்து வரவில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை ஒரு முகத்தைத் தேடிப் பார்த்தாயிற்று. காணோம்.

கூட்டம் அழச் சொல்லிக் கேட்டது. முன்வரிசைப் பிரமுகர்களும் கைதட்டினார்கள். ஒரே ஒரு வசனம் பேசி அழுதுகாட்ட வேண்டும் என்று கைலாசமும் கும்பிட்டார்.

அவள் எழுந்து வந்தாள். மைக்கை இறக்கிவைக்க அவர் குனிந்தார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விழாவுக்கு அழைக்கக்கூட ஆட்களைத்தான் அனுப்பியிருந்தார்.

குனிந்ததில் தலைப்பாகை சரிந்தது. மொட்டையடித்து ஒன்றிரண்டு மாதம் இருக்கும். மீசையும் இன்னும் முழுசாக வளரவில்லை.

சம்பூர்ணம் அந்தத் தலையையே பார்த்தாள். திடல் அமைதியாகி அவள் அழுகைக்குக் காத்திருந்தது.

அவள் அழவில்லை. கடைசி வரிசைக்கும் எட்டும் நாடகக் குரலில் கேட்டாள்.

“அம்மா எப்போடா செத்துப்போச்சு?”

விசில் பறந்தது. எந்தப் படத்து வசனம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

கைலாசத்தின் கை மைக் கம்பியிலேயே நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, மைக்குக்கு எட்டாத குரலில் சொன்னான்.

“தை மாசம்க்கா. உனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்னு பங்காளிங்க சொல்லிட்டாங்க.”

சம்பூர்ணம் மைக்கை அவன் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தாள்.