மாடிப்படியில் சாப்பாடு

பஸ் ஓட்டிவிட்டு வந்த சட்டையைக்கூட மாற்றாமல், மாடிப்படியில் உட்கார்ந்து அப்பா அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார். புற்றுநோய்க்கு மூன்றாம் முறை மருந்து ஏற்றியதிலிருந்து, எண்ணெய் வாசனை பட்டாலே மகனுக்குக் குடலைப் புரட்டுகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அதனால் அம்மா மொட்டைமாடியில் அடுப்பை வைத்து முட்டை பொரிக்கிறாள். கீழே வீட்டுக் கதவை இறுகச் சாத்தியிருக்கிறார்கள். மத்தியான வெயில் படிகளில் சாய்வாக விழுந்து, தட்டின் விளிம்பில் மின்னுகிறது. மெல்லும் சத்தம் கேட்டுவிடுமோ என்று அப்பா வாயை மூடிக்கொண்டே மெல்லுகிறார்.

கதவு திறக்கிறது. கம்பளிக் குல்லாயும் மூக்கைப் பொத்திய துண்டுமாக மகன் நிற்கிறான். அப்பாவின் கை தன்னையறியாமல் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறது.

“என்னப்பா, திருட்டுச் சாப்பாடா?”

“சும்மா ரெண்டு வாய்தான்டா. நீ உள்ள போய்ப் படு.”

“நீங்களும் பட்டினி கெடந்தா என்னைத் தூக்கிட்டுப் போறது யாரு?” சுவரைப் பிடித்தபடி மேலே பார்க்கிறான். “அம்மா, அப்பாவுக்கு இன்னொரு முட்டை வைங்க.”

கரண்டியோடு அம்மா இறங்கி வருகிறாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போதும் என்று சொல்லத்தான் அப்பா வாயெடுக்கிறார். விடியற்காலையிலிருந்து காய்ந்த வயிறு விடமாட்டேன் என்கிறது. தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டுகிறார்.