கடைக்குட்டிக்கு ஒரு பகடை

மாலை ஆறு மணிக்குள் பகடையை உருட்டியாக வேண்டும். உருட்டாவிட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்களாம்.

இப்போது மணி நாலரை.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக இந்த வாரம் முழுக்க லீவு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு குடும்பத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் புரை. திரையில் ஓடுவது எதுவும் தெரியாது. ஆனாலும் விடாமல் கதை கேட்டாள்.

ஆட்டம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வீடு கட்டலாம், ஆட்களை உண்டாக்கலாம், அவர்களைச் சமைக்க வைக்கலாம், தூங்க வைக்கலாம். அதையே சிலர் குழுவாகச் சேர்ந்து சவாலாக விளையாடுகிறார்கள். ஒரு குடும்பம் நூறு வருஷச் சரித்திரத்தை வாழ்ந்து காட்ட வேண்டும். ஆட்டத்தில் இப்போது நடப்பது போர்க்காலம்.

அதற்கான சட்டங்களை மகள் முதல் நாளே அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். பதினெட்டு வயதான பிள்ளைகள் வீட்டை விட்டுச் சண்டைக்குப் போக வேண்டும். சர்க்கரை கிடையாது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. போர் முடிந்ததும் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு தடவை நிஜப் பகடையைக் கையால் உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் ஆள் இல்லை. வேறு எது விழுந்தாலும் திரும்பி வருவான். செத்தவன் வீட்டில் இரண்டு நாள் துக்கம், யாரும் வேலைக்குப் போகக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து வழக்கம்போல.

மூத்தவனுக்கு நாலு விழுந்தது. நடுவுலானுக்கு ஐந்து. இரண்டு பேரும் வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கியும் விட்டார்கள்.

கடைக்குட்டிக்கு மட்டும் மூன்று வாரமாக அவள் பகடையைத் தொடவில்லை.

‘உங்க வீட்ல மட்டும் சண்டை இன்னும் முடியலையா?’ என்று குழுவில் ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார். பத்துப் பேர் சிரித்திருந்தார்கள்.

போனவனுடைய கட்டிலை விற்றுவிட வேண்டும் என்றும் ஒரு சட்டம் உண்டு. அவள் சமையலறைக்குப் பின்னால் கதவில்லாத ஒரு அறை கட்டி, கட்டிலை அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள். சுத்த அழுகுணி ஆட்டம். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"அவனுக்குக் காது பெருசா வச்சியா?" என்று அம்மா திடீரென்று கேட்டாள்.

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்குட்டி யார் மாதிரி என்று அவள் அம்மாவிடம் மூச்சுக்கூட விட்டதில்லை.

"வச்சிருக்கேம்மா."

"வெளிய தள்ளிக்கிட்டு இருக்கணும். சின்னதுல அதைப் பிடிச்சு ஆட்டிவிட்டே பெருசாக்கினது நீதான்."

பதினேழு வருஷம் ஆகிறது. ஒரு காலையில் தோளில் பையை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான் தம்பி. சண்டை முடிந்தது. ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை, செத்துப்போனான் என்று சொல்லவும் நாதி இல்லை.

"இந்த விளையாட்டு எவ்வளவோ தேவலைடி. ஒரு தடவை உருட்டினா தெரிஞ்சுபோகுது" என்றாள் அம்மா. "இங்க கொடு, நான் போடுறேன்."

சின்ன வயதில் அக்காவும் தம்பியும் பாம்பு ஏணி விளையாடிய பழைய பகடை அது. அம்மா அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

பகடை மேஜையில் உருண்டு கம்ப்யூட்டரில் முட்டி நின்றது.

ஒன்று.

"அஞ்சும்மா! வந்துட்டான்!" என்று கத்தினாள் மகள். குரல் அவளுக்கே நன்றாக இல்லை.

மேஜையைத் தடவிக்கொண்டே வந்த அம்மாவின் கை பகடையைக் கண்டுபிடித்தது. புரட்டாமல், அசைக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் அதன் தலைமேல் வைத்தாள். பழைய பகடைக்குப் புள்ளிகள் குழிக்குழியாக இருக்கும்.

விரல் ஒரே ஒரு குழியில் நின்றது. வேறு குழி இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு அங்கேயே திரும்பி வந்தது.

"எங்கிட்டயே அழுகுணி ஆட்டமா?" என்றாள். கோபமே இல்லை. விரலை எடுக்காமலே கேட்டாள்: "வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு நாள் உண்டுன்னு வாசிச்சியே. எனக்கும் உண்டா?"

இந்தப் பதினேழு வருஷத்தில் இந்த வீட்டில் அவனுக்காக யாரும் வெளிப்படையாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அப்பா போய்ச் சேரும்வரை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் அழுதார். அழுதால் அவன் செத்துவிட்டான் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும், யாராவது அழுதீர்களோ பார்த்துக்கொள்ளுங்கள் என்று சட்டம் போட்டவளே அம்மாதான்.

"உண்டும்மா" என்றாள்.

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழிட்டாள். உள்ளே அம்மா ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தத்தை மகள் அதுவரை கேட்டதே இல்லை.

நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். முதலாளிக்குப் போன் போட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும் சார்."

"அம்மாவுக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். என் தம்பி தவறிட்டான்."

"அடக் கடவுளே! எப்பம்மா?" என்று பதறினார் அவர்.

"இப்பதான் சார்" என்றாள்.