கால் மணி நேரப் பிரஷர்

காலை பத்தே கால். சுகாதார நிலைய வராந்தாவில் பெண்கள் பதினோரு பேர். அவர்களைத் தாண்டி நேராக நர்ஸ் அறைக்குள் நுழைந்தார் ஹாரன்.

பஸ் ஓட்டுகிறவர். பெயர் குரலால் வந்தது.

"ஏன் நர்சம்மா, எனக்குப் பிரஷர் பார்க்க ரெண்டு நிமிஷம். என் சம்சாரத்துக்கு மட்டும் கால் மணி நேரமா? மிஷின் ரிப்பேரா, நீங்க ரிப்பேரா?"

"நாற்பத்தஞ்சு தாண்டின பொம்பளைங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"என்ன பேச்சு?"

"அது எங்களுக்குள்ள."

மாதவிலக்கு நிற்கும் வயதைப் பற்றிக் கூட்டம் போட்டால் ஒருத்தரும் வருவதில்லை. அதனால் நர்ஸ் ஒரு வழி வைத்திருந்தார். காற்று இறங்கிய பிறகும் கைப்பட்டையை அவிழ்க்க மாட்டார். சொல்லி முடித்துத்தான் விடுதலை.

"பெரிய டாக்டர்கிட்ட எழுதிக் கொடுப்பேன்!"

"கொடுங்க. நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன்."

வராந்தாவில் காத்திருந்த தையல்காரம்மா காதில் விழும்படியே சொன்னார்: "பொண்டாட்டி கால் மணி நேரம் உட்காரக் கூடாதாம். ஐயாவுக்குச் சோறு ஆறிடும்."

ஹாரன் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"ஒளிக்காம சொல்லுங்கம்மா. எத்தனை நாள் தாங்குவா?"

"யாரு?"

"ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து முன்னாடி நிக்கிறா. வேர்த்துக் கொட்டுது. சும்மா அழறா. நான் இருமினா சண்டை. கேட்டா, 'பிரஷர் நார்மல்'ங்கிறா. நார்மல்னு சொல்ல கால் மணி நேரமா ஆகும்?"

கண் கலங்கிவிட்டது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவங்க விஷயத்தை அவங்கதான் சொல்லணும். நான் பொதுவா சொல்றேன். கையை நீட்டுங்க."

"பட்டை எனக்கு எதுக்கு?"

"பாதியில ஓடாம இருக்க."

நர்ஸ் சொன்னார்: "அந்த வயசுல வர்ற மாற்றம் வியாதி இல்லை. வேர்த்தா ஜன்னலைத் திறங்க, வாயை மூடுங்க. தாங்க முடியலேன்னா மருந்து இருக்கு. மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் கழிச்சு ரத்தம் பட்டா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தவர் வராந்தா அதிர அறிவித்தார்: "சாகிற வியாதி இல்லையாம்!"

"பொம்பளை விஷயம் ஆம்பளைக்கு எதுக்கோ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் தையல்காரம்மா.

அடுத்த மாதம் பிரஷர் பார்க்கும் நாளில் வரிசையில் கணவன்மார் ஆறு பேர் நின்றார்கள். முதல் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் தையல்காரம்மா.

ஆறு பேரில் ஒருவருக்கும் பிரஷர் இல்லை.