நாற்பது கிலோமீட்டர்

மூன்றாவது வேனும் மங்கையர்க்கரசியின் கைரேகையைப் பதிந்துகொண்டு, அவளுடைய மருத்துவக் கோப்பைப் படித்துவிட்டு, அதே பதிலைத்தான் திரையில் காட்டியது: வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வரை மட்டுமே.

“கட்டிலும் அடுப்பும் வச்சு லடாக் வரைக்கும் ஓட்டிட்டுப் போக வண்டி கேட்டேன். நீங்க உழவர் சந்தைக்குப் போற வண்டியாக் காட்டுறீங்களே தம்பி.”

“அறுபத்திமூணு வயசு, சர்க்கரை வேற இருக்குதுங்கம்மா. உங்களுக்கு எந்த வேனும் அதுக்கு மேல ஓடாதுங்க,” என்றான் கரூர் பழைய வண்டிக் கடையின் விற்பனையாளன் சபரி.

“முப்பது வருஷம் மலையேறிப் போய் ஊசி போட்ட நர்ஸ் நான். என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் கைரேகை பதியும் பலகையே இல்லாத வெள்ளை வேன் ஒன்று நின்றது.

“அது?”

“அமரர் ஊர்திங்க. பொணம் ஏத்துற வண்டிக்கு மட்டும் தூரக் கட்டுப்பாடு இல்லைங்க.”

“உசுரோட இருக்கறவளுக்கு நாப்பது. பொணம் எங்க வேணாலும் போகலாம், அப்படித்தானே?”

விடுவிடுவென்று போய்ப் பின்கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்த நீளப் பலகையில் ஏறி மல்லாந்து படுத்தாள். சபரி பதறிப்போய் ஓடிவந்தான்.

“கால் நீட்ட இடம் இருக்கு,” என்றாள் படுத்தபடியே. “அடுப்பு மட்டும் வச்சுக் குடுங்க.”