புதன்கிழமை விமர்சனம்

புதுப் படங்கள் வெளியாகும் புதன்கிழமை. காலையிலிருந்தே பாரீஸை மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. காப்பிக்கடைக் கண்ணாடியில் வெளிச்சம் ஈரத்துணி மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. ஒடீல் தன் படத்துக்கு வந்த விமர்சனத்தைத் தானே படிக்க மாட்டாள். அவள் கணவன் எர்வேதான் வாசிக்க வேண்டும், வாசித்து முடித்ததும் எழுதியவனை வாய்க்கு வந்தபடி திட்டவும் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் விட்டுப் போயிருந்த வருஷங்களில் அவள் எடுத்த படங்களைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. போன வருஷம் அவன் திரும்பி வந்தான். அதைத்தான் இப்போது படமாக எடுத்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒளிப்பதிவத் தலைல தூக்கி வெச்சு ஆடறான்," என்கிறான் எர்வே. "தூக்கறதே கீழ போடத்தான். மேல படி," என்கிறாள். அவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "'விட்டுப்போன கணவன் திரும்பி வருவதை நம்ப முடிகிறது. ஆனால் அவன் கண்ணில் இருப்பது காதல் இல்லை, களைப்பு. போக வேறு வீடில்லாமல் வந்திருக்கிறான். இது புரியாதவர் படத்தை எடுத்தவர் மட்டுமே.'" பின்னால் காப்பி இயந்திரம் சீறி அடங்குகிறது. குரோசான் ரொட்டியைப் பிய்த்த கையோடு, சிரிக்கத் தயாராக, ஒடீல் அவன் வாயையே பார்க்கிறாள். கழுதை என்பானா, குருடன் என்பானா? "ம், திட்டு," என்கிறாள். எர்வே பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மெதுவாக மடித்து வைக்கிறான். "மழை விட்ட மாதிரி இருக்கு," என்கிறான். கடைக் கண்ணாடியில் மழை தாரை தாரையாக வழிந்துகொண்டிருக்கிறது.