கிமோனோவுக்குள்

பால் கட்டி, மார் இரண்டும் கல்லாகிவிட்டன. வலி அக்குள் வரை ஏறியிருந்தது.

அவள் நேராக நின்றாள். வேறு மாதிரி நிற்க முடியாது. கிமோனோவுக்குள் குனிவதற்கு இடமில்லை.

காலையில் கூட வேலை செய்யும் எஸ்தர்தான் கட்டிவிட்டாள். ஜப்பான் உடுப்புக்கு உடம்பு குழாய் மாதிரி இருக்க வேண்டுமாம். மேடு தெரியக் கூடாது, பள்ளம் தெரியக் கூடாது. இடுப்பைச் சுற்றித் துண்டுகளை வைத்து நிரவினாள். மார்பின் மேல் ஒரு துண்டை அழுத்தி, பட்டைத்துணியால் இறுக்கினாள். அதன்மேல் பட்டு. பட்டின்மேல் அகலக் கச்சை. முடிச்சு முதுகில் விழுந்தது.

"மூச்சு விடலாமாடி?"

"சின்னச் சின்னதா விட்டுக்கோ."

இருவரும் சிரித்தார்கள். அப்போது வலி இல்லை. விடியற்காலையில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவர்கள் வேலை பார்க்கும் ஜப்பான் சாமான் கடைக்கு இன்று ஆண்டு விழா. ஊருக்கு வெளியே இருக்கும் கார் கம்பெனிகளிலிருந்து ஜப்பான்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். கீழ்த்தளத்தில் அவர்கள் ஊர்ச் சாப்பாடு. முதல் மாடியில் துணிமணி. இரண்டாவதில் பீங்கான், மூங்கில் சாமான். மூன்றாவதில் ஓவியங்கள்.

அவளை ஓவியங்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். விலைச்சீட்டு ஒன்றுதான் பாக்கி.

கண்ணாடிச் சுவருக்கு நேர் கீழே பின்பக்கத்துச் சந்து.

ஆட்டோ வந்துவிட்டது.

தினமும் மதியம் புருஷன் பிள்ளையைக் கொண்டுவருவான். ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு வெளியே நின்றுகொள்வான். அவள் உள்ளே உட்கார்ந்து கொடுப்பாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வருவாள், சாப்பிட்டவள் மாதிரி.

எஸ்தருக்குக்கூடத் தெரியாது.

வேலைக்குச் சேரும்போது கேட்டார்கள். ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் போகிறது என்றாள். கைப்பிள்ளைக்காரியை எந்தக் கடையில் எடுக்கிறார்கள்? கட்டட வேலை என்றால் மரத்தில் தூளி கட்டலாம். இங்கே ஏசி உண்டு, மாதச் சம்பளம் உண்டு.

பிள்ளைக்கு ஐந்து மாதம். புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடுகிறது.

மாடிப் பொறுப்பாளர் திவாகரிடம் போனாள். முழங்காலுக்குக் கீழேதான் கால் அசைந்தது.

"சார், கீழ போயிட்டு உடனே வந்துடறேன் சார். எஸ்தர் வந்து இத அவுத்துவிட்டாப் போதும்."

"அவுக்கறதா? திரும்பக் கட்ட ஒரு மணி நேரம் ஆகும்மா. கெஸ்ட்டுங்க ரெண்டாவது மாடிக்கு வந்துட்டாங்க."

"அவசரம் சார்."

"பாத்ரூமா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அடக்கிக்கோ. பொம்மையாட்டம் நிக்கறது ஒரு வேலையா? நாங்கல்லாம் காலையிலேர்ந்து பெட்டி தூக்கறோம்."

சொல்லிவிடலாம். சொன்னால் இப்போதே அனுப்பிவிடுவார். நாளைக்கு வர வேண்டாம் என்பார்.

ஒரு பெரிய படத்தின் மறைவுக்குப் போனாள். கையைப் பின்னால் வளைத்தாள். விரல் நுனியில் கச்சையின் வால் பட்டது. பிடித்து இழுத்தாள்.

முடிச்சு இன்னும் இறுகியது.

திரும்பிக் கண்ணாடிக்கு வந்தாள். புருஷன் ஆட்டோவை விட்டு இறங்கியிருந்தான். தோளில் பிள்ளை. முதுகைத் தட்டிக்கொண்டே சந்தின் முனை வரை நடந்தான். திரும்பி வந்தான். பிள்ளை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

சத்தம் மேலே வரவில்லை. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட அந்த மாடியில் இல்லை.

அவன் அண்ணாந்து பார்த்தான். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் வானம்தான் தெரியும்.

தெரிந்தும் கையை ஆட்டினாள்.

லிஃப்ட் திறந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி அவள் தலையைத் தாழ்த்தினாள். அவர்களும் தாழ்த்தினார்கள். ஒரு பெண் தள்ளுவண்டியோடு கிட்டே வந்து, கச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, போனைத் தூக்கினாள்.

வண்டிக்குள் ஒரு கைக்குழந்தை. விழித்துக்கொண்டது.

முதலில் சிணுங்கியது. பிறகு வீறிட்டது.

அவளுக்கு மாருக்குள் சுருக்கென்று இழுத்தது. பல்லைக் கடித்தாள். தோளைக் குறுக்கினாள். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் சொன்னாள்.

பால் இறங்கியது.

உடம்புக்கு யார் பிள்ளை என்று தெரியாது. அழுகை கேட்டால் போதும்.

மார்பில் இருந்த துண்டு நனைந்தது. சூடாக வயிற்றுக்கு ஓடியது. இடுப்புத் துண்டுகள் உறிஞ்சிக்கொண்டன. வெளியே பட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. எஸ்தர் நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி, புட்டியை வாயில் வைத்தாள். அழுகை நின்றது.

இங்கே நிற்கவில்லை.

"சிரிம்மா, போட்டோ எடுக்கறாங்கல்ல," என்றார் திவாகர்.

சிரித்தாள்.

கீழே புருஷன் பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடும் நேரம். சவாரிப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தான். ஆட்டோவைத் திருப்பினான்.

சந்து காலியானது.

மார் லேசாகிவிட்டது. அக்குளில் இருந்த வலி எப்போது போனதென்று தெரியவில்லை. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் போலிருந்தது.

பிள்ளைக்கு ஒரு வேளைப் பால் பாக்கி.